கார்குழலியின் பங்கு

பக்கத்து வீட்டில் இல்லாத ஒரு பெண் தினமும் தலைக்குக் குளிக்கிறாள் என்று புகார் சொல்ல, ருக்குமணி கருக்கம்பாளையத்திலிருந்து பவானிக்குப் பஸ் ஏறி வந்திருந்தாள். வயிற்றுப்பிள்ளைக்காரி. படியேறியதில் மூச்சு வாங்கியது. ஜெசிந்தா மின்விசிறியை அவள் பக்கமாகத் திருப்பிவிட்டு உட்காரச் சொன்னாள்.

"யார் வீடும்மா?"

"செங்கோடன் மாமா வீடுங்க. அவரும் அவர் மக கார்குழலியும்னு அந்த வீட்டுக்கு ரண்டு பங்கு. புள்ள ஊர உட்டுப் போயி மூணு வருசமாச்சுங்க. ஆனா அவ பங்கு மட்டும் அப்பிடியே இருக்குது. எம்பட கொழந்தைக்குக் கேட்டா, ஊர்ல பங்கு காலியில்லீங்கறாங்க."

ஜெசிந்தா குடியிருப்புக் கழிவு வாரியத்தின் ஆய்வாளர். வீட்டுக் கழிவையும் புகையையும் அளக்கச் செங்கோடன் வீட்டு வாசலில் வைத்திருந்த பெட்டியின் அளவுகளைத் திரையில் வரவழைத்தாள். காலையில் சீயக்காய்த் தண்ணீர். தைராய்டு மாத்திரையின் எச்சம். மிச்சம் வைத்துக் கொட்டிய காப்பி. சாயங்காலம் கொசுவத்திப் புகை. ஒரு நாள்கூட விட்டுப்போகவில்லை.

"பொண்ணு வீட்லதான் இருக்குன்னு பெட்டி சொல்லுதே."

"பெட்டி சொன்னா நம்புவீங்க. வேலிக்கு அக்கட்டால இருக்கறவ சொன்னா நம்ப மாட்டீங்க." ருக்குமணிக்குக் கண் கலங்கிவிட்டது. "பங்கு கெடைக்கலீன்னா பெத்த கையோட நான் ஈரோட்டு விடுதிக்குப் போயிரோணும். எங்கூட்டுக்காரர் மாட்டப் பாத்துட்டு இங்கயே கெடப்பாரு. எப்பப் பங்கு வந்து எப்ப நாங்க ஒட்டுக்கா இருக்கறது?"

அவள் சொன்னதில் தப்பில்லை. ஈரோட்டில் பங்கில்லாத தாய்மார்களுக்கென்று ஒரு விடுதி இருந்தது. சுவரெல்லாம் வெள்ளை. பிள்ளைகள் அழுகிற சத்தத்தைத் தவிர அங்கே வேறு பேச்சே கேட்காது. ஜெசிந்தா ஆய்வுக்காக ஒரு தடவை போயிருக்கிறாள். இரண்டாம் தடவை போக மனம் வரவில்லை.

"நாளைக்கு வந்து பார்க்கிறேன். நீங்க அலையாதீங்க."

வாய்க்கால் கரையோரமாகவே போனால் கருக்கம்பாளையம். மறுநாள் காலை ஜெசிந்தா வண்டியைக் கரையிலேயே நிறுத்திவிட்டு நடந்தாள். வாய்க்காலில் அடித்தரை மணல் தெரிந்தது. மீன் குஞ்சுகள் கூட்டமாகத் திரும்பி ஓடின. துணி துவைக்கிற கல் மட்டும் கிடந்தது, துவைக்க ஆளில்லை. வெளியில் துவைக்கக்கூடாது என்று சட்டம்.

செங்கோடன் வீட்டு முன்கதவு பூட்டியிருந்தது. பின்பக்கம் தண்ணீர்ச் சத்தம் கேட்டதால் சுற்றிக்கொண்டு போனாள். அங்கே, குளியலறைக் கதவை விரியத் திறந்துவைத்துக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டிய ஒரு மனிதர் மணைப்பலகையில் உட்கார்ந்திருந்தார். எதிரே ஒரு வாளி. அதில் சீயக்காய்த் தூளைப் போட்டு இரண்டு கையாலும் நுரை வரும்வரை அலசினார். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக, ஒருவர் தலையில் ஊற்றுகிற மாதிரி, சாக்கடை வாயில் சாய்த்தார். இடையிடையே நிறுத்தினார். ஒரு பெண் தலைமுடியை முன்னால் தள்ளித் தேய்த்துக்கொள்ள எவ்வளவு நேரமாகுமோ அவ்வளவு நேரம் காத்திருந்து, மறுபடி ஊற்றினார். கடைசியில் ஒரு டம்ளரில் கரைத்துவைத்திருந்த மாத்திரைத் தண்ணீர்.

ஜெசிந்தா செருமினாள்.

அவர் திரும்பிப் பார்த்தார். எழுந்திருக்கவில்லை. வாளியைக் கவிழ்த்து வைத்தார்.

"வாரியத்துல இருந்துங்களா?"

"ஆமாங்கய்யா."

"ஒரு நாளைக்கு வருவீங்கன்னு தெரியுமுங்க. கை கழுவிட்டு வர்றேன், உள்ள வாங்க அம்மிணி."

கூடத்தில் ஒரு நாற்காலிதான் இருந்தது. அதில் அவளை உட்காரச் சொல்லிவிட்டு அவர் சுவரில் சாய்ந்து நின்றார். காப்பி வேண்டுமா என்று கேட்க வாயெடுத்தவர் நிறுத்திக்கொண்டார். விருந்தாளி குடித்து வைத்த டம்ளரைக் கழுவினால் அந்தத் தண்ணீரும் பெட்டியில் ஏறும். இப்போதெல்லாம் யாரும் யாரையும் எதுவும் கேட்பதில்லை.

"எனக்கு ஒண்ணு வெளங்கலீங்க," என்றார் செங்கோடன். "ஆத்தக் கெடுத்ததெல்லாம் சாயப்பட்டறைன்னுதான் அந்தக் காலத்துல சொன்னாங்க. பட்டறையெல்லாம் மூடியாச்சு. அப்பறம் எதுக்குங்க எங்கூட்டு வாசல்ல பெட்டி?"

"மூடின பிறகும் ஆறு நுரைச்சதுங்கய்யா. அப்பத்தான் தேடிப் பார்த்தாங்க. நுரை வீட்டிலேர்ந்து வந்துச்சு. சோப்பு, கக்கூஸ் தண்ணி, மாத்திரை மருந்து, தாளிச்ச எண்ணெய். புகையும் அப்படித்தான். கிராமத்துல விறகடுப்பு, சருகு எரிக்கிறது. டவுன்ல குப்பையைக் கொளுத்துறது, ஜெனரேட்டர், ஊதுவத்தி, கொசுவத்தி. ஒவ்வொரு வீடும் துளித்துளிதான். எல்லா வீடும் சேர்ந்தா எந்த ஆலையும் பக்கத்துல நிக்க முடியாது."

"அதுக்குத்தான் ஆளுக்கொரு பங்கு."

"இந்த வாய்க்கால் எவ்வளவு அழுக்கைத் தாங்குமோ அதை ஆளுக்குப் பிரிச்சுக் கொடுத்திருக்காங்க. அதுக்கு மேல ஒருத்தர் கூடினாலும் தாங்காது. ஒருத்தரோட தடம் ஒரு வருஷம் பெட்டியில படலைன்னா, அந்தப் பங்கு ஊருக்குப் போயிடும். உங்களுக்குத் தெரியாததா?"

"தெரியுமுங்க. அதனாலதானுங்க கரைச்சு ஊத்தறேன்." அவர் குரல் மாறவில்லை. "அவ என்ன சோப்புப் போடுவா, எப்பக் குளிப்பா, காப்பிய எவ்வளவு மிச்சம் வெப்பா, எல்லாத்தையும் ரோசன பண்ணிப் பண்ணி ஊத்தறேன். வீட்டுல இருந்த காலத்துல இதெல்லாம் நான் கவனிச்சதே இல்லீங்க. அவ போன பொறவுதான் படிச்சேன்."

"எங்க போயிருக்காங்க?"

"தெரியாதுங்க."

"ஐயா, பக்கத்து வீட்டுல ஒரு குழந்தை பிறக்கப் போகுது."

"ருக்குமணிக்குத்தானே. தெரியும். நல்ல புள்ள." செங்கோடன் தரையைப் பார்த்தார். "பேர எடுத்துட்டா, எம் மக நாளைக்குத் திரும்பி வந்தா விருந்தாளிங்க. ரண்டு நாள் இருக்கலாம், மூணாம் நாள் பெட்டி செவந்துரும். பெத்த ஊட்டுல அவ விருந்தாளியா? அவ வாயால வேண்டாம்னு சொல்லட்டும் அம்மிணி. அன்னிக்கே கைநாட்டு வெச்சுக் குடுத்துர்றேன்."

ஜெசிந்தா அன்றே பெயரை நீக்கியிருக்கலாம். அதற்கு அவளுக்கு அதிகாரம் இருந்தது. ஏன் நீக்கவில்லை என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசித்தாள்.

அவளுடையது ஆற்றங்கரை அடுக்ககத்தில் ஒற்றைப் பங்கு வீடு. அந்தக் கட்டடத்தில் இருக்கிற பாதி வீடு அப்படித்தான். மாடிப்படியில் எதிர்ப்படுகிறவர்கள் தலையை மட்டும் ஆட்டுவார்கள். எந்தக் கதவு இடுக்கிலிருந்தும் தாளிக்கிற வாசம் வராது. தூத்துக்குடியிலிருந்து அண்ணன் கடைசியாக வந்திருந்தபோது மூன்றாம் நாள் பெட்டி சிவந்து குழாயில் தண்ணீர் நின்றுபோனது. சவரம் செய்துகொண்டிருந்தவன் சோப்பு நுரையைத் துண்டால் துடைத்துக்கொண்டு, "உன் ஊரு ரொம்பச் சுத்தம்மா" என்று சிரித்தபடி பையைத் தூக்கிக்கொண்டு போனான். அதன்பிறகு போன்தான். அதுவும் வர வரக் குறைந்துவிட்டது.

தனக்காக யாராவது ஒரு வாளித் தண்ணீரை வீணாக்குவார்களா என்று அவளுக்குத் தோன்றியது. பதில் தெரிந்ததுதான். அலுவலகத்தில் கொடுத்திருந்த மடிக்கணினியைத் திறந்தாள்.

பெட்டிகள் எல்லாம் ஒன்றோடொன்று பேசுபவை. எங்கேயாவது விஷம் கலந்தால் எந்த வீட்டிலிருந்து என்று பின்னோக்கித் தேடுவதற்காகச் செய்த ஏற்பாடு. கலவையைக் கொடுத்தால் அதே கலவை வேறெங்கே பதிவாகிறது என்று சொல்லும். அதில் ஆளைத் தேடக்கூடாது. இதுவரை யாரும் தேடியதுமில்லை. ஜெசிந்தா கார்குழலி வீட்டிலிருந்த காலத்துப் பழைய கலவையைக் கொடுத்தாள். சீயக்காயில் சேர்த்து அரைத்த வெந்தயமும் பூலாங்கிழங்கும், மாத்திரையின் அளவு, காப்பி, கொசுவத்தி. உலையில் அரிசி வேகும் முன்பே விடை வந்துவிட்டது. முதலில் கருக்கம்பாளையம், எதிர்பார்த்ததுதான். அடுத்து, ஓசூரில் ஒரு வீடு. அங்கே பதிவாகியிருந்த பெயர் கிளாரா.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகாமல் ஓசூருக்குப் பஸ் ஏறினாள்.

தொழிற்பேட்டைக்குப் பின்னால் சின்னச் சின்னக் குடியிருப்புகள். கதவு சங்கிலி அளவுக்குத்தான் திறந்தது. இடுக்கில் தெரிந்த பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும். ஈரத்தலையைத் துண்டால் கட்டியிருந்தாள்.

"கார்குழலி?"

கதவு அறைந்து சாத்திக்கொண்டது.

ஜெசிந்தா வெளியிலேயே நின்றாள். "நான் மட்டும்தான் வந்திருக்கேன். வேற யாருக்கும் தெரியாது. பங்கு விஷயமா உங்க வாயால ஒரு வார்த்தை கேக்கணும். கேட்டுட்டுப் போயிடறேன்," என்று கதவைப் பார்த்துச் சொன்னாள். உள்ளே குழந்தை ஒன்று சிணுங்கியது. யாரோ ஊன்றுகோல் தட்டி நடக்கிற சத்தம். ரொம்ப நேரம் கழித்துச் சங்கிலி கழன்றது.

பிரான்சிஸ் என்று அறிமுகப்படுத்திக்கொண்ட கணவன் ஒரு காலை நீட்டியபடியே நாற்காலியில் உட்கார்ந்தான். குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளறைக்குப் போகும்போது அந்தக் காலை இழுத்து இழுத்து நடந்தான்.

"பாத்தீங்கல்ல," என்றாள் கார்குழலி. "எங்க பங்காளிங்க பண்ணுனது. எங்க பெரியப்பா பசங்க. இவரு வேற சாதின்னு."

"உங்கப்பா?"

"எங்கப்பா கையால ஒரு அடிகூட அடிக்கலீங்க. ரண்டு பேரும் வந்து நின்னோம். உள்ள உக்காரச் சொன்னாரு. தண்ணி குடுத்தாரு. பின்னாலயே அவங்க வந்து கதவத் தட்டுனாங்க. யாருன்னு தெரிஞ்சே எந்திரிச்சுப் போயித் தொறந்து உட்டாரு. அவ்வளவுதான் அவர் பண்ணுனது."

ஜெசிந்தா அவர் வாளியில் சீயக்காய் கரைப்பதைப் பற்றிச் சொன்னாள். மூன்று வருஷமாக என்று சொன்னாள். தலையில் ஊற்றுகிற மாதிரி நிறுத்தி நிறுத்தி ஊற்றுகிறார் என்று சொன்னாள். கார்குழலி குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"எம்பட மாத்திரை பேரு அவருக்குத் தெரியுமா?" என்றாள் கடைசியில்.

"தெரியும். அளவுகூடத் தெரியும்."

கார்குழலி சிரித்த மாதிரி இருந்தது. பிறகு துண்டை அவிழ்த்து முகத்தை மூடிக்கொண்டாள். தோள்கள் மட்டும் குலுங்கின. அடங்கியபின் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டு தெளிவாகப் பேசினாள்.

"பங்கு ருக்குமணிக்காவோட கொழந்தைக்குப் போகட்டுங்க. நான் அந்த ஊட்டுக்கு வர மாட்டேன். உசிரோட இருக்கேன்னு சொல்லுங்க. எங்கன்னு சொல்லாதீங்க. அவருக்குத் தெரிஞ்சா அவங்களுக்குத் தெரியும். அவரால அவங்ககிட்ட இல்லைன்னு சொல்ல முடியாது. அன்னிக்கும் முடியல."

செங்கோடனிடம் ஜெசிந்தா அப்படியே சொன்னாள். எங்கே என்பதை மட்டும் விட்டுவிட்டு.

"நெசமாப் பாத்தீங்களா?"

"பார்த்தேன்."

"நல்லா இருக்குதா?"

"நல்லா இருக்காங்க. வீடு, குடும்பம்னு இருக்காங்க."

அவர் எங்கே என்று கேட்டார். அவள் சொல்லவில்லை. அவரும் இரண்டாம் முறை கேட்கவில்லை. ஜெசிந்தா நீட்டிய கருவியில் கட்டைவிரலை வைத்தார். வைத்த விரலை எடுக்காமல் சற்று நேரம் அப்படியே அழுத்திக்கொண்டிருந்தார்.

ருக்குமணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. வீட்டிலேயே இருந்தாள். செங்கோடன் வீட்டுப் பெட்டியில் ஒற்றை ஆளின் அளவு மட்டும் பதிவாகத் தொடங்கியது. கொஞ்சம் சோறு, கொஞ்சம் சோப்பு, பீடிப்புகை. ஜெசிந்தா சில நாள் அதைத் திரையில் எடுத்துப் பார்ப்பாள். தன் வீட்டு அளவும் அதுவும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருப்பதைக் கவனித்தபின் பார்ப்பதை நிறுத்திக்கொண்டாள்.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் மண்டல அலுவலர் கிருபாகரன் அவளைக் கூப்பிட்டனுப்பினார். அவள் தேடியது வாரியத்துக்குத் தெரிந்துவிட்டது. என்ன விடை வந்தது என்பதை இயந்திரம் சேமித்துவைக்காது, தேடியதை மட்டும் வைத்திருக்கும். ஜெசிந்தா வேலை போகும் என்றுதான் போய் நின்றாள்.

"உக்காருங்க ஜெசிந்தா. எப்படிங்க இது எங்க யாருக்கும் தோணாமப் போச்சு?" கிருபாகரனின் முகம் பிரகாசமாக இருந்தது. "தொலைஞ்சு போன குழந்தைங்க, ஞாபக மறதியில வீட்டை விட்டுப்போன பெரியவங்க, எல்லாரையும் கண்டுபிடிக்கலாமே! 'உறவுத் தேடல்'னு பேர் வெச்சிருக்கோம். பெத்தவங்களும் கூடப்பிறந்தவங்களும் வந்து கேட்டாப் போதும்."

"சார், காணாமப் போறவங்க எல்லாரும் வழி தெரியாமப் போறதில்லை. சில பேர் தப்பிச்சுப் போயிருப்பாங்க."

"பெத்தவங்ககிட்டேர்ந்தா?"

"பெத்தவங்களுக்குப் பின்னாடி நிக்கிறவங்ககிட்டேர்ந்து."

"உங்களுக்குக் குடும்பம் இல்ல, அதான் இப்படித் தோணுது." அவர் நல்ல மனிதர்தான். புண்படச் சொல்லவேண்டுமென்று சொல்லவில்லை. "ஒரு தாய் தன் பிள்ளையைத் தேடி வந்து நிக்கறதைப் பார்த்தீங்கன்னா உங்களுக்கே புரியும்."

வெளியே வந்ததும் அவள் ஓசூருக்குப் போன் செய்தாள். கார்குழலி முழுவதையும் கேட்டுவிட்டு, "யாருக்கும் தெரியாதுன்னு சொன்னீங்களேக்கா," என்றாள். அதில் கோபம் இல்லாததுதான் ஜெசிந்தாவுக்குத் தாங்கவில்லை.

"சீயக்காயை விட்டுடுங்க. காப்பி வேண்டாம். கொசுவத்தி, சாம்பிராணி எதுவும் வேண்டாம்."

"மாத்திரை?"

அவளைக் காட்டிக்கொடுக்கப் போவதே அதுதான். அந்த அளவில், அந்தக் கலவையில் தினமும் சாக்கடைக்கு வருகிற மாத்திரை.

"சரிங்க. நிறுத்திக்கறேன்," என்று கார்குழலியே சொன்னாள்.

சேவை தொடங்கியதும் முதல் வாரத்தில் வந்தவர்கள் கிருபாகரன் சொன்ன மாதிரிதான் இருந்தார்கள். ஒரு தாய்க்குக் கோவையிலிருந்த மகன் கிடைத்தான். அவள் ஜெசிந்தாவின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அதைப் பார்த்த ஜெசிந்தாவும் அழுதுவிட்டாள். ஆனால் மற்றொன்றும் நடந்துகொண்டிருந்தது. மாநிலமெங்கும் சில வீடுகளில் அளவுகள் சரசரவென்று இறங்கின. தாளிப்பு இல்லை, சோப்பு இல்லை, புகை இல்லை. கிருபாகரன் கூட்டம் போட்டு அந்த வீடுகளைப் பாராட்டினார். மக்கள் திருந்துகிறார்கள் என்றார். ஜெசிந்தா கடைசி வரிசையில் உட்கார்ந்து, ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் யார் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்களோ என்று நினைத்துக்கொண்டாள். வாரம் ஒருமுறை ஓசூருக்குப் போன் செய்வாள். கார்குழலியின் குரல் கனத்துக்கொண்டே வந்தது. முகம் வீங்கியிருப்பதாகவும், பகலில் தூக்கம் அமுக்குவதாகவும், குழந்தையைத் தூக்கினால் கை ஓய்வதாகவும் பிரான்சிஸ் சொன்னான்.

ஒரு திங்கட்கிழமை முற்பகலில் உறவுத் தேடல் ஜன்னலுக்கு வெளியே செங்கோடன் வந்து நின்றார். சலவை வேட்டி, சட்டை. பின்னால் இரண்டு பேர். மூத்தவன் அவர் அண்ணன் மகன் தனபால். கூட வந்தவன் அவன் தம்பியாக இருக்கவேண்டும், அதே தாடை. தனபால்தான் பேசினான்.

"சித்தப்பாவுக்குப் புள்ளையப் பாக்கோணுமுன்னு ஆசைங்க மேடம். வயசாச்சுல்ல. பெத்தவங்க கேட்டாத்தான் தேடுவீங்களாமா, அதான் கூட்டிட்டு வந்தோம்."

செங்கோடன் ஜெசிந்தாவைப் பார்த்தார். முன்பே தெரிந்ததாக அவர் காட்டிக்கொள்ளவில்லை.

"பேரு?" என்றாள் ஜெசிந்தா.

"கார்குழலிங்க."

கைநாட்டு வைத்தார். இயந்திரம் அவர் வீட்டுப் பழைய அளவுகளிலிருந்து கலவையை எடுத்துக்கொண்டு எல்லாப் பெட்டிகளின் இப்போதைய பதிவுகளிலும் தேடத் தொடங்கியது. ஜெசிந்தா திரையைத் தன் பக்கம் திருப்பவில்லை. திருப்பினால் சந்தேகம் வரும். நான்கு பேரும் ஒரே திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கார்குழலி மாத்திரையை நிறுத்தியது போதுமான நாள்களுக்கு முன்புதானா, பெட்டியில் மிச்சம் ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்குமா என்று அவள் நாள்களை எண்ணிக்கொண்டிருந்தாள்.

எங்கும் இல்லை என்று வந்தது.

"இல்லைன்னா என்னங்க அர்த்தம்?" என்றான் தனபால்.

"எந்த வீட்டுப் பெட்டியிலயும் அவங்க தடம் இல்லை."

"வேற நாட்டுக்குப் போயிருந்தா?"

"போயிருந்தா அது தனியா காட்டும். அப்படியும் இல்லை."

செங்கோடன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். அவர் பார்வை திரையை விட்டு ஜெசிந்தாவின் முகத்துக்கு வந்து அங்கேயே நின்றது. சில மாதங்களுக்கு முன்பு இதே முகம்தான் அவரிடம், பார்த்தேன், நல்லா இருக்காங்க என்று சொன்னது. ஜெசிந்தா கண்ணைத் தாழ்த்தாமல் இருக்க முயன்றாள். அவரிடம் ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிடமுடியாதா என்று தவித்தாள். முடியாது. தனபால் அவர் தோளை ஒட்டி நின்றிருந்தான்.

"மூச்சு உடற ஆளுன்னா தடம் இருக்கோணுமில்லீங்களா அம்மிணி?" என்றார் செங்கோடன் மெதுவாக.

"இருக்கணும்."

"அப்ப எம் புள்ள செத்துட்டா."

அவர் கம்பியை விட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"வாரியத்துல அப்பிடித்தானுங்களே எழுதுவீங்க? எழுதிக் குடுத்துருங்க."

"சித்தப்பா, அவசரப்படாதீங்க," என்றான் தனபால். "எங்காச்சும் ஒளிஞ்சு கெடப்பா. அடுத்த மாசம் இன்னொருக்கா வந்து தேடிப் பாக்கலாம்."

செங்கோடன் திரும்பினார். ஜெசிந்தா அவர் முதுகைத்தான் பார்த்தாள். ஒடுங்கிய முதுகு. ஆனால் அவர் எழுப்பிய குரலில் வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"எம் புள்ள செத்துட்டான்னு சர்க்கார் சொல்லுது. பெத்தவன் நான் சொல்றேன். இன்னும் என்னத்தடா தேடறே? பொணத்தையுமா? காரியத்துக்கு வேண்டியதப் போயிப் பாருங்கடா, போங்க!"

தனபால் ஒரு அடி பின்னால் போனான். அவன் கண்கள் சுற்றியிருந்தவர்கள்மேல் ஓடின. யாரோ ஒரு அம்மாள் செங்கோடனின் கையைப் பிடித்துப் பெஞ்சில் உட்கார வைத்தாள். அவர் தலையில் கைவைத்துக்கொண்டு ஓவென்று அழத் தொடங்கினார். அழுகை உண்மைதான்.

இறந்தவர்களின் கலவையை வாரியம் அழித்துவிடும். அதன்பிறகு யார் வந்து கைநாட்டு வைத்தாலும் இயந்திரத்துக்குத் தேட ஒன்றும் இருக்காது. ஜெசிந்தா தன் கையாலேயே பதிந்தாள். கார்குழலி, தகப்பனார் பெயர் செங்கோடன், மரணம். திரை ஒருமுறை மங்கித் தெளிந்தது. இந்த விதி செங்கோடனுக்குத் தெரியுமா, தெரிந்துதான் எழுதச் சொன்னாரா என்று அவள் கடைசிவரை கேட்கவில்லை.

காரியத்துக்குக் கருக்கம்பாளையத்தில் கூட்டம் அலைமோதியது. சாவு வீட்டுக்கு மட்டும் பங்குக் கணக்கு கிடையாது. பெட்டியை அணைத்துவைக்க அனுமதி உண்டு. வருஷக்கணக்கில் ஒருவரையொருவர் பார்க்காத சொந்தங்கள் எங்கெங்கிருந்தோ வந்திருந்தார்கள். கல்லடுப்பு மூட்டி, விறகு வைத்து, பெரிய அண்டாவில் சோறு வடித்தார்கள். புகை மூக்கில் ஏறியதும் வயதானவர்கள் இருமினார்கள், இருமிக்கொண்டே சிரித்தார்கள். வந்தவர்களுக்குப் போக மனமில்லை. தனபாலும் அவன் தம்பியும் மொட்டையடித்துக்கொண்டு இலை போட்டார்கள். பந்தலுக்குக் கீழே ருக்குமணி மகளை மடியில் போட்டுக்கொண்டு பெண்களோடு உட்கார்ந்திருந்தாள். அவள் மட்டும் ஜெசிந்தாவைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்தப் பங்கை வாங்கிக்கொண்ட நேரம்தான் இப்படி ஆகிவிட்டது என்று அவளுக்குள் ஒரு குறுகுறுப்பு இருந்திருக்கவேண்டும். ஜெசிந்தாவால் அதையும் தீர்க்கமுடியாது.

செங்கோடன் அவளைத் தனியாகப் பார்க்கவில்லை. கும்பிட்டார். "சாப்புட்டுட்டுத்தான் போகோணும் அம்மிணி," என்றார், எல்லோரிடமும் சொன்ன மாதிரியே.

அவள் வாய்க்கால் கரைக்கு நடந்து வந்து போன் செய்தாள்.

"கார்குழலி, இன்னிலேர்ந்து மாத்திரை போடுங்க. சீயக்காய், காப்பி எல்லாம். இனிமே யாரும் தேட முடியாது."

"எப்பிடிங்கக்கா?"

ஜெசிந்தா சொன்னாள்.

"என்னைப் போட்டோ வெச்சு மாலையெல்லாம் போட்டிருக்காங்களா?"

"ஆமா."

"அப்ப நான் எப்பவுமே வர முடியாதில்ல."

"முடியாது."

"அவருக்கு அது தெரியுமா?"

"தெரியும்னுதான் நினைக்கிறேன்."

"அவங்ககிட்ட இல்லைன்னு சொன்னாராக்கா?"

"சத்தம் போட்டுச் சொன்னார்."

கார்குழலி மூக்கை உறிஞ்சினாள். கனத்த, களைத்த குரலில், "இப்ப என்ன பண்றாரு?" என்று கேட்டாள்.

ஜெசிந்தா திரும்பிப் பார்த்தாள். பந்தலில் இரண்டாம் பந்தி உட்கார்ந்திருந்தது. செங்கோடன் தோளில் துண்டோடு இலை இலையாகக் குனிந்து ஏதோ கேட்டுக்கொண்டு போனார். ஒரு சின்னப் பிள்ளைக்கு இலையை ஒதுக்கி, சோற்றைப் பிசைந்து வைத்தார்.

"பந்தி விசாரிச்சிட்டு இருக்கார்மா," என்றாள்.

பேச்சு முடிந்தபின் போனைப் பையில் போட்டுக்கொண்டு பந்தலுக்கு வந்தாள். முன்பின் தெரியாத ஒரு பெண் நகர்ந்து இடம் கொடுத்தாள். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆள்களின் தோள் இடித்தது. இலையில் சோறு விழுந்தது. எத்தனை காலம் கழித்து இப்படி நாலு பேரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறோம் என்று பக்கத்துப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். செத்தவள் உங்களுக்கு என்ன முறை என்று ஜெசிந்தாவிடம் கேட்டாள்.

"ஒருதரம் பார்த்திருக்கேன்," என்று சொல்லிவிட்டு ஜெசிந்தா சாப்பிடத் தொடங்கினாள்.